பச்சை வயரின் சங்கதி

ஒரு மோட்டார் பட்டறைக்காரரின் தரத்தை எடைபோட அவரிடம் எஞ்சினைக் கொடுக்க வேண்டாம். சிக்னல் எரியாத பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். எஞ்சின் வேலையில் புதுச் சாமானை மாட்டியே தப்பித்துவிடலாம். சிக்னல் வயரிங்கில் அந்தப் பாச்சா பலிக்காது. பல்பை மாற்றுவார், எரியாது. ரிலேயை மாற்றுவார், ஒருநாள் எரியும், மறுநாள் அணையும். வயரை வெட்டி ஒட்டத் தொடங்கினாரென்றால் ஸ்டூலை விட்டு எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

கெடாவில் இதைப் பார்த்து ரசிக்க வாய்ப்புக்குக் குறைவில்லை. 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பைப் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே மலாயாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூலிம், பாடாங் செராய், பீடோங் ரப்பர் தோட்டங்களில் சைக்கிளின் இடத்தை மெல்ல அது பிடித்தது. பால்வெட்டுக்கு விடியுமுன் போகவும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கவும், சுங்கை பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போகவும் ஒரே வண்டி. பிற்பாடு 1996-இல் நம் குருணிலேயே மொடெனாஸ் ஆலை கிரிஸ் வண்டியை வெளியிட்டது. ஆனாலும் தாத்தாவின் 6 வோல்ட் ஹோண்டாவைத் துடைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சின் அவர்களைக் கைவிடுவதில்லை. கைவிடுவது சிக்னல்தான்.

தேர்ந்த கை எதையும் கழற்றுமுன் கேட்கும், பார்க்கும். பழைய ரிலேவுக்குள் இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை. பல்புக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாக ஓடி அதைச் சூடாக்குகிறது. சூட்டில் பட்டை வளைய, தொடர்பு அறுந்து விளக்கு அணைகிறது. ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொட, விளக்கு எரிகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டும் என்பது உலக அளவிலான விதி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தத் தாளத்தை ரிலே தனியாகப் போடுவதில்லை என்பதுதான். உருமி மேளத்தில் ஒரு கை சோர்ந்தால் மொத்த அடியும் மாறிவிடுவதுபோல, ஒரு பல்பு போனால் மின்னோட்டம் பாதியாகும், பட்டைக்குச் சூடு போதாது, மிஞ்சிய பல்பு சிமிட்டாமல் விழித்தபடி நிற்கும். ஆகவே வலப்பக்கம் ஒழுங்காகச் சிமிட்டி இடப்பக்கம் மட்டும் அசையாமல் எரிந்தால், ரிலே குற்றமற்றது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் செத்திருந்தால் ஹாரனை அழுத்திப் பார்ப்பார்கள். ஹோண்டாவில் ஹாரனுக்கும் சிக்னலுக்கும் சாவியிலிருந்து வரும் கறுப்பு வயர்தான் ஊட்டம். ஹாரன் உரக்கக் கத்தினால் பேட்டரி, ஃபியூஸ், சாவி மூன்றும் விடுதலை. ஒரு பொத்தானை அழுத்தி மூன்று சந்தேகங்களைத் தீர்ப்பதில் ஓர் அழகு இருக்கிறது.

இனிமேல்தான் உண்மையான வேலை. பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் மின்சாரம் போகும் பாதையையே துருவுவார்கள். அது திரும்பி வரும் பாதையை யாரும் நினைப்பதில்லை. என் கணிப்பில் பழைய கப்சாய் சிக்னல் பழுதுகளில் பெரும்பங்கு அந்தத் திரும்பும் பாதையில், அதாவது எர்த்தில், ஹோண்டாவில் பச்சை நிறத்தில் ஓடும் வயரில் இருக்கிறது.

6 வோல்ட் வண்டி இதில் ஏன் இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 6 வோல்ட்டில் 18 வாட் பல்பு 3 ஆம்பியர் கேட்கும். முன்னும் பின்னும் சேர்ந்தால் 6 ஆம்பியர். பேட்டரியின் எர்த் போல்ட்டில் துரு ஏறி வெறும் 0.2 ஓம் தடை உண்டானாலும் ஏறத்தாழ 1 வோல்ட்டை அந்தத் துருவே தின்றுவிடும். பல்புக்கு மிஞ்சுவது 5. போனது ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பலமடங்கு வேகமாகக் குறையும், அந்த 5 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி ஒளிதான் கிடைக்கும். அதே துரு, அதே 18 வாட் பல்புகள், வண்டி மட்டும் 12 வோல்ட் என்றால், ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் குறையும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. துல்லியமான எர்த்தைக் கேட்பதால்தான் 6 வோல்ட் வண்டி பட்டறைக்காரரின் கையைக் காட்டிக்கொடுக்கிறது.

தோட்டத்து வண்டிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. மரத்துப் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். பால் தோம்பு ஏறுவது மோட்டாரின் கேரியரில், பின் சிக்னலுக்கு அருகே. செம்புக்கும் பித்தளைக்கும் அமோனியா பரம எதிரி. இந்தியாவில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களுக்கு அருகே அவற்றை வைத்திருந்ததும், குதிரை மூத்திரத்து அமோனியா காற்றில் கலந்ததுமே காரணம் என்பது 1920-களின் தொடக்கத்தில்தான் விளங்கியது. நம் வண்டியின் வயர்களைக் கோக்கும் சின்னஞ்சிறு புல்லட் கனெக்டரும் பித்தளைதான். தோட்டத்து வண்டியின் பின் கனெக்டர்கள் மட்டும் நீலப்பச்சை பூத்து, நசுக்கினால் உதிர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரைகள்தான் நினைவுக்கு வரும். மழையும் இதில் கூட்டாளி என்பதை மறுக்கவில்லை.

பீடோங் பக்கம் ஒரு ஃபோர்மன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவரிடம் ஒரு பையன் வந்து, "சிக்னல் எரியல அண்ணே, வயர் எல்லாத்தையும் மாத்திரலாமா?" என்றான். அவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "வயர் என்னா பண்ணுச்சு ஒன்னிய? மொதல்ல கரண்டு எங்க நிக்கிதுன்னு பாப்போம் தம்பி," என்றார். ரிலேயைக் கழற்றி அதன் இரண்டு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். இப்போது சிமிட்டல் இல்லை. விளக்கு எரிந்தபடி நிற்கும், நிதானமாக அளக்கலாம். எரிந்தது, ஆனால் மெழுகுவர்த்தி மஞ்சளில். பிறகு நீளமான ஒரு வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் சிக்னல் கிண்ணத்தின் உலோகத்தைத் தொட்டார். மஞ்சள் வெள்ளையானது. அவ்வளவுதான் நோய் நிர்ணயம். மீட்டர் வைத்திருக்கிறவர்கள் பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த உலோகத்துக்கும் இடையே வோல்ட் பார்ப்பார்கள். விளக்கு எரிகையில் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு மீட்டரைக் கூவ வைத்துப் பார்ப்பது ஏமாற்று வேலை. இருபது இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கூவும், ஆனால் பளு ஏறினால் அந்த ஒற்றை இழை தாங்காது.

அதற்கப்புறம் ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினார். விளக்கு நடுங்கியது. கழுத்துப் பக்கம் வளைந்து வளைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் செம்பு அறுந்துபோயிருக்கிறது. அதை அவர் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு வித்தை. வயரை விரல்களுக்கிடையே பிடித்து அங்குலம் அங்குலமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனார். செம்பு உள்ள இடம் விறைப்பாக நின்றது. ஓரிடத்தில் உறை மட்டும் ரப்பராக நீண்டது. அங்கே நகத்தால் ஒரு கீறல். வெட்டிய துண்டுக்கு அவர் கைக்கு வந்த வயரைப் போடவில்லை. கழிந்த வண்டிகளின் பழைய வயர்க்கட்டுகள் ஆணியில் தொங்குகின்றன, அதிலிருந்து அதே பச்சையில் ஒரு துண்டு எடுத்தார்.

நிறத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், இந்தப் பட்டறைகளுக்கு வருவது எல்லாம் கலப்பு வண்டிகள். ஹோண்டாவில் ஆரஞ்சு இடது, இளநீலம் வலது, பச்சை எர்த். யாமஹாவில் சாக்லேட் நிறம் இடது, கரும்பச்சை வலது, எர்த் கறுப்பு. கவாசாக்கியிலோ பச்சைதான் இடது. ஹோண்டாவுக்குப் பழகிய கை யாமஹாவின் கரும்பச்சையை எர்த் என்று நம்பி சட்டத்தில் முடுக்கினால், வலப்பக்கம் சிக்னல் போட்டதும் ஃபியூஸ் போய்விடும். அடுத்த பட்டறைக்காரர் படிக்கும்படி வயரைப் போட்டு வைப்பது ஒரு மரியாதை. கறுப்பு டேப் சுற்றுகிறவர்களுக்கு அந்த மரியாதை தெரியாது. நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, இரண்டு வருடத்தில் திறப்பவரின் விரலெல்லாம் பிசுபிசுக்கும். ஈயம் வைத்து ஒட்டுவதிலும் எனக்கு ஒரு குறை உண்டு: ஒட்டு முடிகிற இடத்தில் வயர் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அங்கேயே ஒடியும். புது புல்லட் போட்டு நசுக்குவதே மேல்.

சுவிட்ச் பற்றிக் கொஞ்சம். ஜப்பானியக் கப்பில் சிக்னல் சுவிட்ச் வலக்கைப் பக்கம், மேலும் கீழும் தள்ளுவதாக இருந்தது. சோபா நூடுல் தட்டை இடக்கையில் ஏந்தியபடி கடைப்பையன் ஓட்டவேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி அது. கிளட்ச் பிடி இல்லாததும் அதனால்தான். இந்தச் சுவிட்சுகள் அழுக்கேறி ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் போகும். திறக்கும்போது ஒரு சிறிய குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும் என்பதால் துணி விரித்துக்கொண்டு திறப்பவரே விவரமானவர்.

இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எல்இடி. அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம், பழைய ரிலேயின் பட்டை சூடே ஆகாது, எலக்ட்ரானிக் ரிலே வேண்டும். மீட்டரில் சிக்னலுக்கு ஒரே ஒரு குறி விளக்கு உள்ள வண்டிகளில் இன்னொரு வேடிக்கை: இடது போட்டால் நான்கும் சிமிட்டும். அந்தக் குறி விளக்கின் ஒரு கால் இடது வயரில், மறுகால் வலது வயரில். இடது எரியும்போது அது வலது பல்புகளின் இழை வழியாகவே எர்த்தைத் தேடிக்கொண்டது. இழைப் பல்புக்கு அந்தத் துளி மின்சாரம் உறைக்காது, எல்இடிக்கு அதுவே விருந்து. குறி விளக்கின் ஒரு காலை எர்த்தில் போட்டு, இடது வலது இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு டயோடு வழியாக மறுகாலுக்கு ஊட்டினால் தீர்ந்தது.

எல்இடி கெட்டுப்போன எர்த்தை மறைத்துவிடும் என்பதுதான் எனக்குள்ள மனத்தாங்கல். சிக்னல் பளிச்சென்று இருக்கும். அதே பச்சை வயரை நம்பியிருக்கும் பின் பிரேக் பல்பு மட்டும் மங்கிக்கொண்டே போகும். எல்இடி கேட்டு வருகிறவரிடம் ஃபோர்மன் முதலில் பிரேக்கை மிதிக்கச் சொல்வது அதனால்தான்.