எலும்புக்கெல்லாம் பெயர் உண்டு

ஹென்றி கிரேயின் 'அனாடமி'யை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங், ரேடியோகிராஃபி என்று எதைப் படித்தாலும் முதல் வருடத்திலேயே இந்தப் புத்தகமோ இதன் பேரப்பிள்ளைகளில் ஒன்றோ கைக்கு வந்துவிடும். வந்ததும் ஹைலைட்டரோடுதான் திறப்போம். நான் படித்தது பொறியியல். உயிர்மருத்துவப் பிரிவு என்பதால் ஒரு செமஸ்டர் உடற்கூறியல் கட்டாயம். பாஸ் பண்ணியதும் மறந்துபோனது. போன வருடம் பிசியோதெரபியில் சேர்ந்த தங்கைக்குக் கேள்வி கேட்டு உதவ உட்கார்ந்தபோதுதான் இதை ஒரு நூலாக, பக்கம் பக்கமாகப் படித்தேன். உடம்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் சொல்லும் இந்த நூல், அந்த உடம்பு யாருடையது என்பதை மட்டும் சொல்வதே இல்லை.

1858ல் லண்டனில் வெளிவந்த முதல் பதிப்பில் 363 படங்கள். வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். அந்தக் காலத்துப் பாடநூல்களில் படத்தின்மேல் பொடி எண்களோ எழுத்துகளோ இருக்கும். எண் 14 எதுவென்று தெரிய வேறு இடத்தில் தேட வேண்டும். கார்ட்டர் பெயரை அந்தத் தசையின் மேலேயே, அந்த நரம்பின் ஓட்டத்திலேயே எழுதினார். பார்ப்பதும் படிப்பதும் ஒரே வேலையாகிவிட்டது. இன்று நாம் மொபைலில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் 3டி செயலிகளும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் கார்ட்டருக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 150 பவுண்டு. கிரேக்கு ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. தலைப்புப் பக்கத்திலும் கார்ட்டர் பெயர் சின்ன எழுத்தில்தான். அவர் பம்பாய்க்குப் போய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகித் தொழுநோயை ஆராய்ந்தார். கிரே 1861ல், 34 வயதில், அம்மை நோயில் இறந்தார்.

கிரேயின் நடையில் 'நான்' கிடையாது, வியப்பு கிடையாது. இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது, இன்னதோடு சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வறட்சிக்குள் அங்கங்கே ஒரு உவமை முளைக்கும். காரை எலும்பின் வளைவைச் சொல்ல அவருக்குச் சாய்ந்த 'எஃப்' எழுத்து தேவைப்படுகிறது. பெயர்களைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் உவமைதான். கிளாவிக்கிள் என்றால் லத்தீனில் குட்டிச் சாவி. தொடை எலும்பு உட்காரும் இடுப்புக் குழியான அசிடாபுலம், வினிகர் கிண்ணம். டிபியா என்ற சொல் புல்லாங்குழலுக்கும் உண்டு. வால் எலும்பின் காக்சிக்ஸ், கிரேக்கக் குயிலின் அலகு. மஸ்ஸல் என்ற சொல்லே சுண்டெலியிலிருந்து வந்தது. தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

தமிழன் அதே இடத்தில் மீனைப் பார்த்தான். கெண்டைக்கால். பாதத்துக்கு மேலே கரும்பின் கணுவைப் பார்த்துக் கணுக்கால் என்றான். அதே எலும்பு மலாய்க்காரர்களுக்கு 'மாத்தா காக்கி', காலின் கண். இதையெல்லாம் சொன்னால் தங்கை கடுப்பாவாள். "அண்ணே, ஸ்பாட் டெஸ்ட்ல மணி அடிச்சா அடுத்த மேசைக்கு ஓடணும். எலி, குயில்னு யோசிச்சிட்டிருந்தா நேரம் போயிரும்." நியாயம்தான். ஆனால் சாவி, கிண்ணம், குழல் என்று ஒருமுறை கேட்ட பிறகு அந்த மூன்றையும் அவள் மறக்கவில்லை. மனப்பாடம் கஷ்டமாக இருப்பது பெயர்கள் அதிகம் என்பதால் மட்டுமல்ல, அவை மூடிய பெட்டிகளாக நம் கைக்கு வருவதாலும்தான்.

இந்தப் பெட்டிகளைத் தமிழில் திறக்கும் முயற்சி எப்போதோ நடந்துவிட்டது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் நூல் 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. மூலம் வெளிவந்து 14 வருடம்தான் ஆகியிருந்தது. கலைச்சொற்களில் வடமொழி நெடி அடிக்கும், இன்றைய மாணவருக்கு அகராதி வேண்டும். ஆனாலும் அந்தத் தலைப்பை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. தமிழ் இலக்கியம் கொஞ்சம் படித்தவருக்கும் அது கேசாதிபாதத்தை நினைவூட்டும்.

கேசாதிபாதம் கூந்தல் தொடங்கிப் பாதம் வரை ஓர் உடம்பை உறுப்பு உறுப்பாகப் பாடும் வகை. வரிசை முறையில் அதுவும் ஒரு உடற்கூறு நூல்தான். ஒரே வித்தியாசம், அங்கே உடம்புக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். தெய்வமோ தலைவனோ, பாடப்படுவது இன்னாருடைய கை, இன்னாருடைய கால். கிரேயில் கை இருக்கிறது, இன்னார் இல்லை.

அந்த இன்னார் யார்? பிரிட்டனில் 1832ல் வந்த உடற்கூறு சட்டம், ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து உறவினர் யாரும் கேட்டு வராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. கிரேயும் கார்ட்டரும் அறுத்தது அத்தகைய உடல்களைத்தான். வரலாற்றாசிரியர் ரூத் ரிச்சர்ட்சன் இந்த நூல் உருவான கதையை 2008ல் எழுதியபோது இவர்களையும் கணக்கில் சேர்த்தார். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கார்ட்டருக்காவது சின்ன எழுத்து கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. உடம்பு முழுக்கப் பெயர் எழுதிவிட்டு ஆளின் பெயரை விட்டுவிட்டதுதான் என் கண்ணில் இந்த மகத்தான நூலின் பெரிய குறை. அறிவியலுக்குப் பெயர் தேவையில்லை என்பார்கள். சரி. ஆனால் படிக்கிறவருக்கு அது தேவைப்படலாம். நாளைக்கு அவர் தொடப்போவது பெயருள்ள மூட்டுகளை.

இங்கே சுகாதார அறிவியல் மாணவர் பலர் பிளாஸ்டிக் மாதிரிகளில்தான் படிக்கிறார்கள். கழற்றி மாட்டலாம், வாடை இல்லை, யாருக்கும் தயக்கம் இல்லை. ஆள் யார் என்ற கேள்வியும் அதோடு காணாமல் போய்விடுகிறது. எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. மலாயா பல்கலைக்கழகத்தில் 2012ல் தொடங்கிய 'சைலண்ட் மென்டர்' திட்டத்தில், உயிரோடு இருக்கும்போதே தாமாகச் சம்மதித்தவர்களின் உடல்களில்தான் மாணவர்கள் பழகுகிறார்கள். அதற்கு முன் அவர்கள் குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படிப்பட்டவர், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வேலை முடிந்ததும் மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். என் பார்வையில் இது கிரேயின் நூலில் எழுதாமல் விட்ட பக்கம், கேசாதிபாதத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பக்கம்.

இதனால் கிரேயைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவாக உடம்பைக் காட்டிய நூல்கள் குறைவு. முதல் வருடத்தில் இருப்பவர்கள் ஹைலைட்டரை மூடிவிட்டு ஒரு ராத்திரி அதைச் சும்மா வாசித்துப் பாருங்கள். பழைய பதிப்பின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கழுத்தைக் காட்டும் படங்களில் எழுத்துகளுக்கு மேலே ஒரு முகமும் இருக்கும். தேர்வுக்கு அது வராது. அதையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.