யோசனை சொன்னவருக்குப் பதில் எங்கே?

1721ஆம் ஆண்டு ஜப்பானின் எடோ நகரத்தில் ஷோகன் தோகுகாவா யொஷிமுனே ஒரு பெட்டியை வைத்தார். குடிமக்கள் யாரும் அதில் கடிதம் போடலாம்; ஆனால் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். பூட்டிய பெட்டி நேரே ஷோகனிடம் போகும். அவரே திறந்து படிப்பார். கவனிப்பாரற்ற ஏழை நோயாளருக்கு ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று ஒகாவா ஷோசென் என்ற வைத்தியர் எழுதிப் போட்டார். விரைவிலேயே அது கொஇஷிகாவாவில் திறக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இன்று அமிர்தகழியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு சிற்றூழியரோ முகாமைத்துவ உதவியாளரோ தனக்குப் பட்ட நல்ல யோசனையை யாரிடம் சொல்வார்? சொன்னால் அது என்ன ஆகும்? ஊழியரின் ஆக்கத்திறனை வளர்க்க வேண்டும் என்று சொல்லாத நிறுவனம் இல்லை. அதற்கென உலகம் கண்ட வழிகள் சிலவே. அவற்றை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். சொன்னவருக்கு, ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தோடு பதில் கிடைக்கிறதா? அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கே கிடைக்கிறதா? அதன் பலனில் அவருக்குப் பங்கு உண்டா, குறைந்தது அதனால் அவர் நட்டப்படாமல் இருக்கிறாரா?

முதலில் ஆலோசனைப் பெட்டி. இதில் செலவு இல்லை. கூச்சம் உள்ளவரும் எழுதிப் போடலாம். ஆனால் நம் அலுவலகங்களில் பெட்டி பெரும்பாலும் பெயர் இல்லாத தாள்களைத்தான் பெறும். பெயர் இல்லாத தாளுக்குப் பதில் சொல்ல முடியாது; அதை எழுதியவரை அழைத்துச் செய்து பாரும் என்று கேட்கவும் முடியாது. பெயர் மறைப்பது எழுதியவரின் குற்றமும் அல்ல. அந்த இடத்தில் பயம் இருப்பதற்கான அடையாளம் அது. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் வைத்தியசாலைத் தாதியர் குழுக்களைப் பற்றி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறைத் திறந்து பேச முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். தவறைச் சொல்லப் பயப்படும் இடத்தில் யோசனையும் பிறக்காது. எடோவின் பெட்டிக்கு உயிர் தந்தது திறப்பைக் கையில் வைத்திருந்தவர் படித்ததும், படித்ததைச் செயலாக்கியதும். அது இல்லாத பெட்டி மூன்று கேள்விகளிலும் தோற்கிறது.

அடுத்தது பரிசுப் பணம். அமெரிக்காவின் நெஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1894இலேயே ஊழியரின் யோசனைகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. உழைப்பால் வந்த இலாபத்தில் பங்கு கேட்பது நியாயமே. ஆனால் பரிசுப் போட்டி வேறு விதமாக வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் பரிசையும் மதிப்பீட்டையும் மட்டும் நோக்கி வேலை செய்யும்போது ஆக்கத்திறன் குன்றக்கூடும் என்பதை தெரேசா அமபிலேயின் ஆய்வுகள் 1980களிலிருந்து காட்டி வருகின்றன. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு யோசனையை மூவர் பேசிப் பேசி உருவாக்கியிருப்பார்கள். பரிசு ஒருவருக்குப் போகும். அடுத்த முறை அந்த மூவரும் தங்களுக்குள் பேச யோசிப்பார்கள்.

மூன்றாவது, எல்லோரையும் கூட்டி வைத்து யோசனை கேட்பது. இதற்கு இருக்கும் மதிப்பு அதன் விளைவுக்குப் பொருந்தாதது. மைக்கேல் டீல், வொல்ப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் 1987இல் வெளியிட்ட சோதனைகளின்படி, கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே யோசித்தால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன. ஒருவர் பேசும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பது இதற்கு முக்கிய காரணம். நம் கூட்டங்களில் பதவி வரிசை இதைவிடப் பெரிய தடை. பணிப்பாளர் தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் அதன்பின் எழும் குரல்கள் அதை ஆமோதிக்கத்தான் எழும். முன்கூட்டியே ஒவ்வொருவரும் எழுதி வர வேண்டும். கீழ்நிலையில் உள்ளவர் முதலில் பேச வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கூட்டத்தால் பயன் குறைவு.

நான்காவது வழி சிறு சிறு மேம்பாடுகளை அந்தந்த இடத்திலேயே செய்து பார்ப்பது. ஜப்பானியர் கைசன் என்று சொல்வது. டொயோட்டா 1951இல் தொடங்கிய யோசனைத் திட்டம் 40 ஆண்டுகளில் 2 கோடி யோசனைகளைத் திரட்டியது. பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த பணம் மிகச் சிறியது. சொன்னவருடைய மேற்பார்வையாளரே விரைவாகப் பதில் சொன்னதும், சொன்னவரே செய்து பார்த்ததும்தான் அந்த ஓட்டத்தைத் தக்கவைத்தன. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தர முகாமைத்துவத்துக்கான டெமிங் விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாகியது. அந்த நிறுவனம் கையாண்ட முறையிலும் எல்லா ஊழியரின் பங்கேற்பும் ஒரு தூணாக இருந்தது.

நமக்கு மிக நெருங்கிய சான்று கொழும்பில் இருக்கிறது. காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கு 2000ஆம் ஆண்டு பணிப்பாளராக வந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ஐந்து ‘எஸ்’ முறையை அரச வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தார். வேண்டாததை நீக்குதல், ஒழுங்குபடுத்தல், துப்புரவு, ஒரே நியமம், தொடர்ந்து கடைப்பிடித்தல் என்பன அதன் ஐந்து படிகள். ஒவ்வொரு பிரிவிலும் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் உருவாகின. எந்தப் பொருள் எங்கே இருந்தால் வேலை சுலபம் என்பதை அங்கே தினமும் வேலை செய்கிறவர்களே தீர்மானிக்கத் தொடங்கினார்கள். இந்த அனுபவத்தை ஜப்பானின் அரச உதவி நிறுவனமான ஜைக்கா 2007இல் 8 ஆபிரிக்க நாடுகளுக்கும், பின்னர் மொத்தம் 15 நாடுகளுக்கும் கொண்டுசென்றது. காசல் வீதியில் நடைமுறையில் இருந்ததும் மட்டக்களப்பில் இருக்கும் அதே தாபனக் கோவைதான். அதே அரச சம்பளத் திட்டம்தான். ஆகவே விதிகள் இடம் தராது என்ற சாட்டு இதன் முன்னே நிற்காது.

இந்த வழிக்கும் மூன்று குறைகள் உண்டு. முதலாவது, சிறு மேம்பாட்டுக்கு ஏற்ற முறை பெரிய புதுமைக்குப் போதாது. த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் இறுக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அது போஸ்ட்-இட் ஒட்டுத்தாளாக அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருடம் காத்திருக்கும் பொறுமையையும் ஊழியர் தன் விருப்பப்படி ஆராயும் நேரத்தையும் எந்தக் கைசன் குழுவும் தராது. இரண்டாவது, ஒருவரை நம்பி நிற்கும் மாற்றம் அவருடைய இடமாற்றத்தோடு தளர்ந்துவிடலாம். மூன்றாவது குறையே மிகக் கனமானது. ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பெண் தன் தையல் வேலையில் ஓர் அசைவைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறாள். மறுமாதம் அவளுடைய டார்கெட் உயருமென்றால் அந்த வழியை அவள் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் புத்தி. யோசனையின் பலன் முழுவதும் மேலே போய், அதன் பாரம் மட்டும் கீழே வருமானால், எந்த முறைக்கும் அறநியாயம் கிடையாது.

மட்டக்களப்புக்கு இந்த விவாதம் புதிதல்ல. கூத்துக் களரியில் அது நெடுங்காலம் நடந்திருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் துணைகொண்டு, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை கூத்துக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தன. பின்னர் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் வேறு கேள்வியைக் கேட்டது: எதை மாற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் யார்? அங்கே கூத்தர்களும் ஊராரும் பேசித் தீர்மானித்து, தங்கள் களரியிலேயே ஆடிப் பார்த்தார்கள். முதல் வழி கலையை உயர்த்தியது. இரண்டாவது வழி அந்தக் கலையை ஆடுபவரின் தீர்மான உரிமையையும் உயர்த்தியது. பணியிடம் எதுவானாலும் எனக்கு இரண்டாவதே மேல்.

ஆகவே தீர்ப்பு இது. பெட்டியும் பரிசும் கூட்டமும் தனித்து நின்றால் பயன் தரமாட்டா. செய்து பார்க்கும் வழியே மட்டக்களப்பின் வைத்தியசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பொருத்தமானது. ஆனால் நான்கு நிபந்தனைகளோடு. எந்த யோசனைக்கும் இரண்டு வாரத்துக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். பதில் தராத மேலதிகாரி அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். சிறு செலவை அனுமதிக்கும் அதிகாரம் பிரிவுத் தலைவர் மட்டத்திலேயே இருக்க வேண்டும். செய்து பார்ப்பவர் யோசனை சொன்னவராகவே இருக்க வேண்டும். அதன் பெயரும் அவருடையதாகவே பதிவாக வேண்டும். யோசனையால் யாருடைய வேலையும் போகாது, டார்கெட்டும் உயராது என்ற உறுதி முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவதான இந்த உறுதி இல்லையென்றால் மற்ற மூன்றையும் தொடங்க வேண்டாம். ஊழியரின் அறிவை எடுத்து அவருக்கே எதிராகத் திருப்பும் இடத்தில், அவர் மௌனமாக இருப்பதே அவருக்கு நியாயம்.