உடம்பாடு: கலித்தொகையும் அக்கினிப் பிரவேசமும்

கல்லூரி மாணாக்கரிடையே பாலியல் வன்முறைபற்றியும் இசைவுபற்றியும் விழிப்புணர்வு ஊட்டுதல் இன்று கல்வி நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்ட செயல் அன்று. பணியிடங்களில் பெண்கள் பாலியல் துன்பத்திற்கு ஆளாவதைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது. அதனைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கெனத் தனி விதிகள் வகுத்து 2016இல் வெளியிட்டது. உள்ளகப் புகார்க் குழு அமைத்தலும் மாணாக்கர்க்கு விளக்கம் அளித்தலும் அவ்விதிகளின்படி கட்டாயமாயின. இவற்றின் இன்றியமையாமை காட்டாங்குளத்தூர் போன்ற ஊரில் எளிதில் விளங்கும். தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே நெடுஞ்சாலையும் மின்தொடர்வண்டிப் பாதையும் அடுத்தடுத்து ஓடும் இவ்வூரில், பல மாவட்டத்தாரும் வேற்று மாநிலத்தாரும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கிப் பயில்கின்றனர். பெற்றோரைப் பிரிந்து வாழ்தல் அவருள் பலர்க்கு இதுவே முதன்முறை.

ஆயினும் விளக்கக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ் வகுப்போ அவ்வாறன்று. கலை அறிவியல் கல்லூரிகளில் முதற்பகுதித் தமிழ் பயிலும் மாணாக்கர், ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்து, காதலைப்பற்றிய பாட்டும் கதையும் பல வாரங்கள் கேட்கின்றனர். ஒரு பெண் எப்பொழுது இசைந்தாள், எப்பொழுது மறுத்தாள் என்பதை அவர்கள் படிப்பது அங்கேதான். பிழைபடப் படிப்பதும் அங்கேதான். எனவே இப்பொருள் தமிழாசிரியர்க்குப் புறம்பானது எனக் கருதுதல் பொருந்தாது.

இசைவு என்பதற்கு நம் மொழியில் பழஞ்சொல் உடம்பாடு. இரண்டு உயிர்கள் தம்முள் கூடாவிடத்து அவற்றைக் கூட்டுவிக்கும் மெய்யை உடம்படுமெய் என இலக்கணிகள் வழங்கியதை முதலாண்டு மாணவரும் அறிவர். (எழுத்துக்குக்கூட உடம்பாடு வேண்டும் என்று எண்ணிய மொழி நம்முடையது என வகுப்பில் சொன்னால் மாணாக்கர் மறவார்.) அகத்திணையிலும் இச்சொல் இடம்பெறுகின்றது. தலைவன் தலைவியர் கண்ணோடு கண் கலந்து ஒருவர் கருத்தை ஒருவர் அறிந்து ஒன்றுபடுதலை அறிவுடம்படுத்தல் என்பார் தொல்காப்பியர். அன்பு இருபாலும் ஒத்து நிற்பது ஐந்திணை, ஒருபால் மட்டும் நிற்பது கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை. மிகுந்த காமத்தால் வன்மை செய்தலைப் பெருந்திணையின் கூறாகவே அவர் வைத்தார். மணம் எட்டனுள் அசுரம், இராக்கதம், பைசாசம் என்னும் மூன்றும் கைக்கிளையின்பாற்படும் என்பர் உரையாசிரியர். வலிதிற் கொள்ளுதலை ஐந்திணை என நம் இலக்கணம் யாண்டும் கூறவில்லை. இஃது ஒரு பக்கம்.

மற்றொரு பக்கமும் உண்டு. தன் வேட்கையைத் தலைவன் முன்னர் வாய்விட்டுக் கூறுதல் தலைவிக்கு இல்லை என்றும், நாணும் மடனும் உடைமையால் அவள் வேட்கை குறிப்பாகவே புலப்படும் என்றும் அதே களவியல் கூறுகின்றது. இதனைப் படிக்கும் இளைஞன் ஒருவன், பெண் வாளா இருந்தால் இசைந்தாள் என்பது பொருள், மறுத்தாலும் நாணத்தால் மறுத்தாள் என்பது பொருள், எனக் கொள்ளக்கூடும். அவ்வாறு கொண்டவர் பலர். இங்கேதான் ஆசிரியர் கடமை தொடங்குகின்றது. புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது எனத் தொல்காப்பியரே கூறியுள்ளார். தலைவி பேசாமை நாடக வழக்கின்பாற்பட்டது. அவள் உள்ளத்தைப் புலவன் அறிவான், தோழி அறிவாள், கேட்போரும் அறிவர். உலகியலில் அவ்வாறு அறிவிக்கும் புலவன் ஒருவனும் உடன்வருவதில்லை.

கலித்தொகைப் பாட்டு இரண்டை ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். இரண்டும் கபிலர் பாடியனவாகக் கொள்ளப்படும் குறிஞ்சிக்கலியைச் சார்ந்தவை. 51ஆம் பாட்டில் நீர் வேட்டு வந்தவன் கையைப் பற்றுகின்றான்; தலைவி அலறுகின்றாள்; தாய் ஓடி வரும்பொழுது, நீர் விக்கினான் என்று சொல்லி அவனைக் காக்கின்றாள். பள்ளியிலும் கல்லூரியிலும் பெரிதும் பாராட்டப்படும் பாட்டு இது. இங்குத் தலைவியின் இசைவை நாம் அறிவது அவள் வாயாலேயே. நிகழ்ந்ததைத் தோழிக்கு உவகையோடு எடுத்துரைப்பவள் அவள். பொய் சொல்லிக் காக்கத் துணிந்தவளும் அவள். கைபற்றியது இசைவுக்குச் சான்றாகாது. பின்னர் அவள் செய்ததும் சொன்னதுமே சான்று. இதனை விளக்காமல், பற்றினால் பெண் மகிழ்வாள் என்னும் கருத்துப்பட நடத்துவோமாயின் பாட்டைக் கெடுத்தவர் ஆவோம்.

62ஆம் பாட்டு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விருப்பம் இல்லை என்பாரையும் விரும்பிக் கைபற்றும் நாணிலி இவன் எனத் தலைவி எடுத்த எடுப்பிலேயே கூறிவிடுகின்றாள். மறுப்பு இதனினும் தெளிவாக இருத்தல் இயலாது. நீ விரும்புவதும் விரும்பாததும் எனக்குத் தெரியாது, எனக்கு இனிதாயிற்று, தழுவினேன் என்பது அவன் விடை. தனக்கு இனிது என்பதற்காகப் பிறர்க்குத் துன்பம் செய்தல் நன்றோ என அவள் மீண்டும் வினவுகின்றாள். அதற்கு அவன், நீர் பருகுவோர் தமக்கு இனிது என்று பருகுவரேயன்றி நீருக்கு இனிதோ எனக் கேட்டோ பருகுவர் என்கின்றான். அதனோடும் அமையாது, வலிதிற் கொள்ளுதலும் அறமெனக் காணப்பட்டது என்று நூலை வேறு துணைக்கு அழைக்கின்றான். அவளும் இறுதியில், அறமும் அதுவாயின் நமக்கு அவனோடு மாறுபாடு என்ன உண்டு என்று தன் நெஞ்சோடு சொல்லி அமைகின்றாள்.

இதனை நகைச்சுவை எனக் கூறிக் கடந்துவிடுதல் எளிது. உண்மையில் இசைவுபற்றிய முழு வழக்கும் இப்பாட்டில் இருதரப்பாலும் வாதிடப்பெற்றுள்ளது. பெண்ணின் வினா அறநூல் வினா. ஆணின் விடை உவமை ஒன்றே. அவ்வுவமை பெண்ணைப் பேசாப் பொருளாக்கிய பின்னரே பொருந்துகின்றது; பேசிக்கொண்டிருக்கும் ஒருத்தியை நீரோடு ஒப்பிடுவதே அதன் குறை. பாட்டின் முடிவில் அவள் அமைந்தாளேயன்றி அவளுடைய வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. இன்றைய சட்டத்தைக்கொண்டு பழம்பாட்டை அளக்கலாமோ என்று சிலர் வினவக்கூடும். கலித்தொகையின் காலம்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்காலத்ததாயினும் அவ்வினாவை எழுப்பியவள் அப்பாட்டின் தலைவியேயன்றி நாம் அல்லோம்.

அமைதல் வேறு, இசைதல் வேறு என்பதைச் சட்டம் உணர்வதற்கும் நெடுங்காலம் ஆயிற்று. 1972இல் மகாராட்டிரத்தில் காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமைபற்றிய வழக்கில், உடலில் காயம் இல்லை, கூக்குரல் இல்லை என்பனவற்றைக் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரை விடுவித்தது. அடங்கிப்போதல் இசைவாகாது என உபேந்திர பக்சி முதலிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் திறந்த மடல் எழுதினர். சட்டம் 1983இல் ஓரளவும் 2013இல் பெரிதும் திருத்தப்பெற்றது. ஐயத்திற்கு இடமின்றித் தன் விருப்பத்தால் தரும் உடன்பாடே இசைவு. அதனைச் சொல்லாலும் உணர்த்தலாம், செய்கையாலும் உணர்த்தலாம். உடலால் எதிர்க்கவில்லை என்பது ஒன்றைக்கொண்டே இசைந்தாள் என முடிவு செய்தல் கூடாது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இதனையே கூறுகின்றது. குறிப்பால் உணர்த்தலைச் சட்டமும் ஏற்கின்றது என்பது தொல்காப்பியம் பயின்றார்க்கு வியப்பளிக்கும். அக்குறிப்பு ஐயத்திற்கு இடமில்லாததாதல் வேண்டும் என்பதே வேறுபாடு. 18 வயது நிரம்பாதாரிடத்து இசைவு என்னும் பேச்சுக்கே இடமில்லை என்பதும் முதலாண்டு வகுப்பிற் சொல்லத்தக்கது. அங்கே 17 வயதினரும் உளர்.

சட்டம் திருந்தியும் நம் எழுத்து முற்றும் திருந்தவில்லை. செய்தித்தாள்கள் நெடுங்காலம் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லே சான்று. தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவுக்கு இணையாக வைத்த, கரணத்தோடு கூடிய இல்வாழ்க்கை நெறி. வழிப்போக்கன் ஒருவன் அதனை எவ்வாறு அழித்தல் கூடும்? குற்றம் செய்தவனை விட்டு, இழந்தவளாகப் பெண்ணைக் காட்டும் சொல் அது. 2024 திசம்பரில் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானபொழுது, முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் கசிந்தது. அவ்வறிக்கையின் மொழிநடை பாதிக்கப்பட்டவர்மீதே பழி சுமத்துவதாக உள்ளது எனச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கப் பணித்தது. குற்றவாளிக்கு 2025 சூன் 2ஆம் நாள் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. தண்டனைக்கு முன்பே நடையைப்பற்றி நீதிமன்றம் பேச நேர்ந்தது என்பது மொழி பயிற்றுவோர் கருதத்தக்கது.

இனி, இக்கால இலக்கியத்திற்கு வருவோம். அகலிகை கதையில் வால்மீகியின் அகலிகை வந்தவனை இன்னானென அறிந்தே இசைந்தவள். கம்பரின் அகலிகை இடையில் உணர்ந்தும் தவிராதவள். கணவன் என்று நம்பச் செய்து பெறும் இசைவு இசைவன்று என 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே கூறியிருந்ததை இக்கதையோடு சேர்த்து நோக்குதல் பயன் தரும். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’, சீதையைத் தீக்குளிக்கச் செய்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாவதைக் காட்டுகின்றது. அவர் பெயரால் காட்டாங்குளத்தூர்த் தமிழ்ப்பேராயம் படைப்பிலக்கிய விருது வழங்கி வருதலின் அவ்வளாகத்து மாணாக்கர் இக்கதையை முதலிற் படித்தல் தகும்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் கல்லூரி மாணவி ஒருத்தி பேருந்துக்குக் காத்து நிற்கின்றாள். முன்பின் அறியாதவன் காரில் ஏற்றிச் செல்கின்றான். நேர்ந்ததை அறிந்த தாய் அழுது அரற்றிப் பின்னர் மகள் தலையில் நீரைக் கொட்டி, நீ தூயவள் என்கின்றாள். இம்முடிவு பெருங்கலகம் விளைத்தது. அவள் கெட்டவளே என்றனர் ஒருசாரார். கெடவில்லை என்றனர் மற்றொரு சாரார். இருசாராரும் ஆராய்ந்தது தூய்மையை மட்டுமே. அப்பெண் இசைந்தாளா என்னும் வினா பெரிதாக எழவில்லை. கதையோ அவளுடைய அச்சத்தையும் மயக்கத்தையும் தயக்கத்தையும் விரித்துரைக்கின்றது. தெளிந்த இசைவு எனச் சுட்டத்தக்க சொல்லை அவள் வாயில் வைக்கவில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியாகவே இதனைக் கொள்ளலாம். திறனாய்வாளர் அதனை அவளுடைய உடன்பாட்டால் நிரப்பிக்கொண்டனர். தாயின் செயல் பெருந்தகைமை உடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரால் கழுவுதற்கு அவள்மேல் மாசு ஒன்று இருந்தது என்பதைத் தாயும் ஒப்புக்கொண்டே கொட்டுகின்றாள்.

அக்கதையை முதலாகக்கொண்டு வளர்ந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1970இல் நூலாக வந்து, 1972இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. தாய் மறைக்கவில்லை, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகின்றான், வெங்கு மாமா ஆதரித்துப் படிக்க வைக்கின்றார். நாவலைப்பற்றி எழுதியோர் காரில் வந்தவனைப்பற்றியும் கங்கை பின்னாளில் அவனைத் தேடியதுபற்றியுமே மிகுதியும் எழுதினர். என் கருத்தில் நாவலின் கொடிய பகுதி மாமாவைப்பற்றியது. உண்டியும் கல்வியும் தந்தவர் அந்நன்றியையே கருவியாகக்கொண்டு அவளை நெருங்குகின்றார். அவளோ ஒவ்வொரு முறையும் தன்னைக் காத்துக்கொண்டு விலகுகின்றாள். வீட்டில் ஒருவரும் அதனைக் குற்றம் எனக் கூறவில்லை. கார் ஒரு மாலைப்பொழுதில் வந்து போயிற்று. மாமா பல ஆண்டு உடனிருந்தார். ஒருவரைச் சார்ந்து வாழ்பவள் எதிர்த்துப் பேசாமையை இசைவெனக் கொள்ளலாமோ என்பதை, ஆய்வு மாணவியர் தம் நெறியாளரைச் சார்ந்து பட்டம் பெறும் இக்காலத்தில், இப்பகுதியை வைத்தே பாடம் நடத்துதல் கூடும். அதற்கு வேறு நூல் தேட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள நாவலில் ஆசிரியர்கள் தாண்டிச் செல்லும் பக்கங்களே போதும்.