முடியாது என்று சொல்லத் தெரிந்த கணக்கு

கொவிட் ஊரடங்கு நாட்களில் கிழக்கிலங்கைக் கரையோர ஊரான கோமாரியில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவியாத வீட்டைக் காண்பது அரிது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் அரசே கபசுரக் குடிநீரை வழங்கியது. நம்பிக் குடித்தவர்களோடு எனக்கு வழக்கில்லை, நானும் குடித்தவன்தான். என் கவலை அதே மாதங்களில் கணினித் திரைகளில் நடந்த வேறொரு வேலையைப் பற்றியது. மூலிகையில் உள்ள மூலக்கூறுகளை வைரசின் புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்து, நன்றாகப் பிணைகிறது என்று முடிவு சொன்ன ஆய்வுகள் அப்போது வந்து குவிந்தன. கணிப்பு இரசாயனவியலின் ஒரு கிளையான இந்த வேலைக்கு டொக்கிங் என்று பெயர். சோதனைக்கூட வசதி குறைந்த இடத்துப் பிள்ளைகள் பலர் ஆராய்ச்சிக்குள் நுழையும் வாசலும் இதுதான்.

அந்த வாசல் திறந்திருப்பது சிறிய காரியமல்ல. ஆய்வுகூடத்துக்குக் கரைப்பான் ஒரு போத்தல் வாங்கவும் வெளிநாட்டுச் செலாவணி வேண்டும். டொக்கிங்குக்கு ஒரு மடிக்கணினி போதும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் உருவாகி 2010இல் ஆய்விதழில் வெளிவந்த ஓட்டோடொக் வினா என்ற மென்பொருள் இலவசம். கொரோனா வைரசின் முதன்மைப் புரத்தியேசு நொதியத்தின் முப்பரிமாண அமைப்பு 2020 பெப்ரவரியிலேயே 6எல்யூ7 என்ற குறியீட்டோடு யாரும் எடுக்கும்படி வந்துவிட்டது. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டிய 2022 மார்ச் முடிவிலும், மின்சாரம் வந்த நேரத்தில் ஒரு மாணவியால் பத்து மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்க்க முடிந்திருக்கும். அறிவுக்கு இப்படியொரு சமமான நுழைவு நம் பக்கத்துக்குக் கிடைப்பது அபூர்வம். இந்த முறையைக் குறை சொல்லுமுன் இதை மனதில் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி இந்த முறை தரும் எண்ணுக்கு வருவோம். மென்பொருள் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பிணைப்புச் சக்தியின் மதிப்பீடொன்றைத் தருகிறது. மூலுக்கு -8.9 கிலோகலோரி என்று வந்தால் -7.5ஐ விட மேல் என்று அட்டவணையில் ஏற்றிவிடுகிறோம். வினாவை ஆக்கியவர்களே தங்கள் கட்டுரையில் அதன் நியமவழுவை 2.85 கிலோகலோரி அளவில் காட்டியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வேறுபட்டாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறும். அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேற்பட்ட தடுமாற்றம். அட்டவணையின் முதலிடத்துக்கும் பத்தாமிடத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இந்த வழுவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. புரதம் அசையாதது என்று கொள்வதும், நீரின் பங்கைத் தோராயமாகக் கணக்கெடுப்பதும் கணக்கை விரைவாக்கும் எளிமைகள். விலை கொடுத்து வாங்கிய எளிமைகள் அவை. அந்த விலையை முடிவுரையில் யாரும் எழுதுவதில்லை.

பெரிய மூலக்கூறுகளுக்கு இந்த மதிப்பீடு சாய்வு காட்டுகிறது என்பதும் துறைக்குள் எல்லோரும் அறிந்தது. அணுக்கள் கூடக் கூடத் தொடும் இடங்கள் கூடும், எண்ணும் இறங்கும். சர்க்கரை ஒட்டிய ருட்டின், எசுபெரிடின் போன்றவை கொவிட் காலப் பட்டியல்களில் அடிக்கடி மேலே நின்றதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடலால் எளிதில் உறிஞ்சப்படாத பொருள்கள் அவை. மஞ்சளின் கதை இன்னும் கசப்பானது. அதிலுள்ள குர்க்குமினை எந்தப் புரதத்தோடு பொருத்தினாலும் ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். 2017இல் மருத்துவ இரசாயனவியலுக்கான முன்னணி ஆய்விதழொன்று அதைப் பற்றி விரிவான மீளாய்வை வெளியிட்டது. உடலில் நிலைக்காத, சோதனைக் குழாயிலேயே போலி விளைவுகளைக் காட்டக்கூடிய மூலக்கூறு அது என்றும், 120க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பிறகும் உறுதியான வெற்றி இல்லை என்றும் அந்த மீளாய்வு காட்டியது. நம் அடுப்படிப் பொருளைப் பற்றிய செய்தி என்பதால் மனம் நோகத்தான் செய்கிறது. நொந்துகொண்டாவது கேட்க வேண்டிய செய்தி அது.

கொரோனா வைரசின் அந்தப் புரத்தியேசை உண்மையில் முடக்கிய முதல் மருந்து எது? 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பக்சுலோவிட். அதிலுள்ள நிர்மாட்ரெல்விர், நொதியத்தின் 145ஆம் இடத்துச் சிசுட்டீனின் கந்தக அணுவோடு ஓர் இரசாயனப் பிணைப்பையே உண்டாக்குகிறது. நம் மாணவர் நடத்தும் சாதாரண டொக்கிங் அணுக்களிடையே புதிய பிணைப்பு உருவாவதைக் கணக்கிடுவதில்லை. மருந்து வேலை செய்த வழி, அந்தக் கணக்கின் கண்ணில் படாத வழி.

இதனால் கணிப்பே வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வேலையைப் பாருங்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அல்பாக் காபனின் இருபுறமும் சுழலும் இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதும் என்று மட்டும் கேட்டார்கள். மோதுமிடம் தள்ளுபடி. வரைபடத்தின் பெரும்பகுதி அப்படியே கழிந்துபோனது. இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பு வெளியானாலும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறார்கள். அறுபது ஆண்டு நிலைத்த இந்தக் கணக்கின் பலம் அது கேட்ட கேள்வி சிறியதாக இருந்ததில் இருக்கிறது. இது நடக்க முடியாது என்று சொல்வதற்குக் கணக்கிடம் உறுதி இருந்தது. இது குணமாக்கும் என்று சொல்ல அதே உறுதி இல்லை.

கேள்வியைச் சிறிதாக்கினால் ஆக்கபூர்வமான பதிலும் கிடைக்கும். இன்புளுவென்சா மருந்தான சனமிவிர் அப்படிப் பிறந்தது. நியூராமினிடேசு நொதியத்தின் அமைப்பு 1983இல் தெரியவந்தது. பீட்டர் குட்போர்டின் கிறிட் என்ற மென்பொருள், ஏற்கெனவே தெரிந்த ஒரு வலுக்குறைந்த தடுப்பானின் நான்காம் இடத்து ஐதரொட்சில் கூட்டத்தைக் காரத்தன்மையுள்ள கூட்டத்தால் மாற்றலாம் என்று காட்டியது. ஒரே மூலக்கூறு, ஒரே ஒரு மாற்றம். செய்து பார்த்தார்கள், தடுக்கும் வலிமை பல ஆயிரம் மடங்கு ஏறியது. 1999இல் மருந்து பாவனைக்கு வந்தது. பெரிய கேள்வியைக் கேட்டவர்களும் உண்டு. 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று 138 மில்லியன் மூலக்கூறுகளை ஒரு டோபமின் ஏற்பியோடு பொருத்திப் பார்த்தது. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 549 மூலக்கூறுகளைத் தொகுத்துச் சோதித்தார்கள். மிகச் சிறந்த மதிப்பெண் பெற்ற பகுதியிலேயே ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் பிணைந்தது. உலகின் திறமையான குழுவுக்கே நான்கில் மூன்று பொய்த்தது என்றால், சோதனையே இல்லாத நம் அட்டவணையை எவ்வளவு அடக்கத்தோடு முன்வைக்க வேண்டும்!

சோதனைக்கூடம் இல்லாதவர் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பது நியாயம். செலவில்லாத காவல்கள் இருக்கின்றன. படிக அமைப்பில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் மூலக்கூறை வெளியே எடுத்து, மென்பொருள் அதைப் பழைய இடத்திலேயே வைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். பிணையாது என்று தெரிந்த மூலக்கூறுகளையும் மூலிகையோடு சேர்த்து ஓட்டலாம். அவையும் அதே எண்ணைத் தந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. உள்ளீட்டுக் கோப்பை அப்படியே வெளியிட்டால், மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் மறுநாளே திருப்பிச் செய்து பார்ப்பார். திண்மங்களைக் கணிக்கும் துறை இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. 2016இல் 15 மென்பொருள்களில் 40 முறைகளை 71 தனிமப் பளிங்குகளில் ஓட்டி, ஒரே விடை வருகிறதா என்று எல்லோருமாகச் சேர்ந்து பார்த்தார்கள். நம் மூலிகைக் கணிப்பில் பிணையவில்லை என்ற முடிவை வெளியிடும் துணிவுகூட இன்னும் வரவில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. பேராதனையில் பேராசிரியர் எம். யு. எஸ். சுல்தான்பாவாவும் அவர் மாணவர்களும் புன்னைக் குடும்பத்து மரங்களின் பட்டையையும் கட்டையையும் ஊறவைத்து, பிரித்து, சாந்தோன்களை ஒவ்வொன்றாகத் தனிப்படுத்தினார்கள். அப்படிக் கைகள் உழைத்துப் பெற்ற அமைப்புகள்தான் இன்று தரவுத்தளத்தில் ஒரு வரியாகக் கிடக்கின்றன, நாம் இறக்கிப் பொருத்துகிறோம். கோமாரிக் களப்பைச் சுற்றி நிற்கும் கண்டலும் கரையோரப் புன்னையும் இந்த உவர்மண்ணில் எந்தச் சேர்மத்தை எவ்வளவு உண்டாக்குகின்றன என்று தரவுத்தளத்தைக் கேட்டால் தெரியாது. அதற்கு ஒருவர் கத்தியோடும் தராசோடும் களப்புக்குப் போக வேண்டும். நூறு மூலக்கூறுகளில் தொண்ணூற்றைந்தைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்தில் எதை முதலில் பிரித்தெடுப்பது என்று அவருக்குச் சொல்ல, மடிக்கணினியோடு இருக்கும் அந்த மாணவி வேண்டும்.