லினக்ஸில் பழைய விண்டோஸும் ஸ்ரீரங்கத்துப் பதிப்புக் கோப்புகளும்: ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கணினிக்குள் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதில் விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளங்களை ஓட்டும் முறை இன்று பரவலாக அறியப்பட்டுள்ளது. பழைய விளையாட்டுகளுக்காக இதை நாடுவோர் பலர். தமிழ்ப் பதிப்புத் துறைக்கோ இது பழைய நூல் கோப்புகளைத் திறக்கும் சாவி. அந்தச் சாவியின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

1990களில் ஈய எழுத்துக்கோப்பு மறையத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி அச்சகங்களுக்கும் ஸ்ரீரங்கத்து டிடிபி கடைகளுக்கும் பேஜ்மேக்கர் வந்தது. திருமண அழைப்பிதழ் முதல் திவ்வியப் பிரபந்த வியாக்கியானம் வரை அதில் தட்டச்சாயின. ஆனால் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியாக்கத்தை வைத்திருந்தது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து டாம், டாப் குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாயிற்று. இடைப்பட்ட காலக் கோப்புகளை உரிய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும்.

ஸ்ரீரங்கத்தின் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். வைணவ உரைகள் மணிப்பிரவாள நடையில் அமைந்தவை. தமிழோடு கிரந்த எழுத்தும் கலந்து வரும். கிரந்தம் ஒருங்குறியில் சேர்ந்தது 2014இல்தான். அதற்கு முன் எழுத்துரு செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி கிரந்த எழுத்துகளுக்கு இடம் கொடுத்தனர். ஆகவே பொதுவான மாற்றி மென்பொருள்கள் இக்கோப்புகளில் தடுமாறுகின்றன.

ஸ்ரீரங்கம் ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் 1910இல் ஆதிசங்கரர் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றைப் படிக்கக் கண் போதும். அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் தட்டச்சான ஒரு கோப்பைப் படிக்க, காலாவதியான இயங்குதளம், மென்பொருள், எழுத்துரு ஆகிய மூன்றும் வேண்டும்.

நிறைகள்

கியூஇமு (2003), லினக்ஸ் கருவிலேயே இணைந்த கேவிஎம் (2007), விர்ச்சுவல்பாக்ஸ் (2007) ஆகியவை விலையில்லாமல் கிடைக்கின்றன. பழுதடைந்த பழைய கணினிக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய வன்வட்டின் முழு உள்ளடக்கமும் ஒரே கோப்பாக அடங்கிவிடுவதால் படியெடுத்து வைப்பது எளிது. அமைப்பு கெட்டாலும் முன்பு சேமித்த நிலைக்கு ஒரு நொடியில் திரும்பலாம்.

குறைகள்

விண்டோஸ் எக்ஸ்பி ஓரளவு தொல்லையின்றி ஓடும். பகிர்ந்த கோப்புறையும் கிடைக்கும். விண்டோஸ் 98 அப்படியில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குத் துணை இயக்கிகளைத் தருவதில்லை. தனி இயக்கி நிறுவாவிட்டால் திரை 16 வண்ணங்களோடு நின்றுவிடும். கோப்பை உள்ளே கொண்டுசெல்லக் குறுவட்டுப் படிமம் உருவாக்க வேண்டும். சில தமிழ் மென்பொருள்கள் அச்சுப்பொறித் துளையில் செருகும் பூட்டுச் சில்லு இல்லாமல் திறக்காது. இன்றைய மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை.

பாதுகாப்பும் உரிமமும் அடுத்தவை. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006இலும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலும் முடிந்தன. எனவே மெய்நிகர் இயந்திரத்தின் இணையத் தொடர்பைத் துண்டித்தே வைக்க வேண்டும். ஆதரவு முடிந்ததால் உரிமம் தேவையில்லை என்று கருதுவதும் தவறு.

பெரிய குறை பயன்படுத்துவோரின் பழக்கத்தில் இருக்கிறது. பழைய மென்பொருள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் புதிய நூலையும் அதிலேயே தட்டச்சு செய்யும் ஆசை வருகிறது. கை பழகிய விசைப்பலகை, பழகிய பக்க அமைப்பு என்று அதற்குக் காரணமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் திறக்க முடியாத கோப்புகளின் குவியல் ஆண்டுதோறும் வளரும். கொள்ளிடத்தைக் கடக்கத்தான் ஓடம். அதில் குடியிருக்க முடியாது.

செய்யத்தக்கது

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் படியெடுக்க வேண்டும். நெகிழ்வட்டும் குறுவட்டும் காலத்தில் கெடுபவை என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்து லிப்ரெஓபிஸில் திறந்து பார்க்கலாம்; 4.4ஆம் பதிப்பு முதல் அது பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கிறது. அங்கு முடியாதபோதுதான் மெய்நிகர் இயந்திரம் தேவை. அதிலிருந்து பக்கங்களைப் பிடிஎப் ஆகவும், எழுத்தைத் தனி உரைக் கோப்பாகவும் வெளியே எடுக்க வேண்டும். பிடிஎப் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். பழைய எழுத்துருவில் அமைந்த பக்கத்தில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. உரைக் கோப்பை என்.எச்.எம். மாற்றி போன்ற கருவியால் ஒருங்குறியாக்கலாம்.

மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்ற வரிசையில் மூன்று துண்டுகளாக இருக்கும். ஒருங்குறியில் மெய்யெழுத்து முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். இந்த இடமாற்றத்தில் கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுவதுண்டு. கிரந்தப் பகுதிகளை அச்சு நூலோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குக் கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும்.

மதிப்பீடு

பழைய இயங்குதளத்தை லினக்ஸில் ஓட்டுவது பயனுள்ள, செலவில்லாத வழி. ஆனால் அது பழைய கணினியைக் காக்கிறதே தவிர நூலைக் காப்பதில்லை. உரை ஒருங்குறிக்கு மாறி, மெய்ப்புப் பார்க்கப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமிக்கப்பட்ட பிறகே நூல் பிழைத்தது எனலாம். மூல நூலைத் தட்டச்சு செய்தவர்களும் கிரந்தம் அறிந்த பெரியவர்களும் உடனிருக்கும் காலத்திலேயே இப்பணியை முடித்தாக வேண்டும்.