தேர்வறையில் யாருடைய கடிகாரம்?

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், பத்திரிகை, யூடியூப் எல்லாவற்றிலும் ஒரே அறிவுரை: நேரத்தைத் திட்டமிட்டு எழுதுங்கள். தப்பான அறிவுரை இல்லை, ஆனால் பாதி அறிவுரை. திட்டமிட வேண்டுமென்றால் முதலில் மணி என்னவென்று தெரிய வேண்டாமா? அதைச் சொல்லவேண்டிய பொறுப்பு யாருக்கு? இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் கணக்கு போடுவோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. மொத்தம் 100. நேரம் 180 நிமிடம். சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கினால், மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். ஐந்து மதிப்பெண் கணக்குக்கு எட்டு நிமிடம், வரைபடத்துக்கு 13. இவ்வளவு நெருக்கமான பட்ஜெட்டுக்கு, கையில் வாட்ச் இல்லாத பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கும் மணிதான்.

அந்த மணியில் ஒரு வடிவமைப்புக் கோளாறு இருக்கிறது. அது "இன்னொரு அரை மணி போச்சு" என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு மீதி என்று சொல்வதில்லை. எழுத்தில் மூழ்கியிருக்கும் பிள்ளை ஒரு மணியைக் கவனிக்காமல் விட்டால், அடுத்தது மூணாவதா நாலாவதா என்று குழப்பம். மென்பொருளில் இப்படி வடிவமைத்தால் முதல் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புவோம். ஒரு செய்தி தவறினால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே தப்பாகிவிடும். "மீதி 90 நிமிடம்" என்று சொன்னால் அந்தச் சிக்கலே இல்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் பெறும் மாற்றுத்திறனாளி மாணவர்களை யோசித்துப் பாருங்கள். பள்ளி முழுக்கக் கேட்கும் கடைசி மணி அவர்களுடைய மணியே இல்லை.

அடுத்து நீட். அங்கே கைக்கடிகாரத்துக்கே தடை. காப்பியடிப்பதைத் தடுக்கத்தான், நியாயம். ஆனால் 180 கேள்விக்கு 180 நிமிடம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம் என்று வைத்துவிட்டு வாட்சை வாங்கிக்கொண்டால், நேரம் காட்டும் கடமை முழுக்க நடத்துபவருடையது. சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா, கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் பிசகினால் ஐந்து கேள்வி, 20 மதிப்பெண். இதே தேசியத் தேர்வு முகமைதான் ஜேஇஇ மெயினையும் நடத்துகிறது. அது கணினித் தேர்வு. மீதி நேரம் திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே அமைப்பு நடத்தும் இரண்டு தேர்வில், நேரம் தெரிவதில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

"சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறீங்க" என்று சிலர் சொல்லலாம். 2024 நீட்டை நினைத்துப் பாருங்கள். தேர்வு நேரத்தை இழந்ததற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள். இழந்த நேரத்தை முடிவு செய்ய, மைய அலுவலர்களின் அறிக்கையையும் சிசிடிவி பதிவையும் பார்க்க வேண்டியிருந்தது. சரியான விடைக்கு +4, தப்புக்கு -1 என்ற முறையில் வரவே முடியாத 718, 719 எல்லாம் பட்டியலில் வந்தன. கடைசியில் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், கருணை மதிப்பெண் ரத்தாகி, விரும்பியவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது. 813 பேர் எழுதினார்கள். போன நிமிடத்தை மதிப்பெண்ணாக மாற்றித் திருப்பித் தர முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தீர்வுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு அறையிலும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கடிகாரம். காலையில் அதைத் தலைமைக் கண்காணிப்பாளரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்து. ஒவ்வொரு மணி அடித்ததும் கரும்பலகையில் "மீதி 120", "மீதி 90" என்று ஒரு வரி. தாமதமாகத் தாள் கொடுத்தால், எத்தனை மணிக்கு என்று அதே பலகையில் எழுதி, முடியும் நேரத்தையும் மாற்றி எழுதிவிடலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

வினாத்தாளில் ஓர் எண் தப்பாக அச்சானால் அதற்கு மதிப்பெண் தரச் சொல்லிக் கேட்கிறோம். "நேரம்: 3 மணி" என்று தாளின் தலையில் அச்சாகிறதே, அதுவும் வினாத்தாளின் ஒரு பகுதிதான். அந்த மூன்று மணி நேரம் எழுதுகிறவருக்குக் கண்ணால் பார்க்கத் தெரிய வேண்டும்.