ரெஜினா தாமஸ் திரும்பியிருக்க வேண்டும்

புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' தொடரின் முதல் சீசன் 2022 ஜூனில் வெளிவந்தது. தமிழ்க் குற்றத்தொடர்களில் அரிதாகவே காணக்கூடிய ஒரு காவல் அதிகாரி அதில் இருந்தார்: ஸ்ரேயா ரெட்டி நடித்த இன்ஸ்பெக்டர் ரெஜினா தாமஸ். போராடும் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களை அடித்து ஒடுக்கத் தயங்காதவர்; தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்துக்கு எதிரி. அந்தச் சண்முகத்தின் மகள் காணாமல்போன வழக்கு, போகப்போக ரெஜினாவின் சொந்த மகனிடமே வந்து நிற்கிறது. விசாரிப்பவரே மகனைப் பறிகொடுத்தவராகவும் ஆகிறார். 2025 பிப்ரவரியில் இரண்டாம் சீசன் வந்தபோது, அவருக்குக் கீழே எஸ்.ஐ.யாக இருந்த சக்கரை திரும்ப வந்தார், சண்முகத்தின் மூத்த மகள் நந்தினியும் வந்தார். கதையின் மையத்தில் ரெஜினாவுக்கு இடம் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். திரையில் பெண் அதிகாரிகளின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்தவற்றுக்கும் அவருக்கு நேர்ந்தவற்றுக்கும் தொடர் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவரை விட்டுவிட்டதற்கு நியாயம் உண்டு, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். 'சுழல்' ஒவ்வொரு சீசனுக்கும் ஓர் ஊரையும் ஒரு திருவிழாவையும் எடுத்துக்கொள்ளும் தொடர். முதலாவதில் மலையடிவார ஊரான சாம்பலூரும் மயானக்கொள்ளையும். இரண்டாவதில் கடற்கரை ஊரான காளிப்பட்டினம். இடம் மாறும்போது முகங்களும் மாறுவது இயல்பு. மேலும், ஒரு பாத்திரம் எரிந்து முடிந்த பிறகும் அதை இழுத்துக்கொண்டு போவது நம் தொலைக்காட்சியின் பழைய நோய். மகனை இழந்த தாயை அடுத்த வழக்குக்கும் அழைத்து வந்தால், அந்தத் துயரமே மலிந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் சீசனின் அனுபவத்தைச் சுமந்துகொண்டு புதிய ஊருக்குப் போகும் வாய்ப்பு சக்கரைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? ஆண் அதிகாரியின் காயம் அடுத்த கதைக்கு முதலாக மாறுகிறது; பெண் அதிகாரியின் காயம் அவருடைய கதையின் முடிவாகிவிடுகிறது. எழுத்தாளர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பழக்கம் அப்படி.

வெறுமனே நீடிப்பதால் மட்டும் எதுவும் மாறிவிடாது என்பதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா, சுபாவின் வைஜெயந்தி, ராஜேஷ்குமாரின் ரூபலா மூவரும் பாக்கெட் நாவல்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். வாசகர்கள் அவர்களைக் கொண்டாடினார்கள். ஆனாலும் வழக்கின் கடைசி முடிச்சை அவிழ்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய ஜோடிகளான பரத்தும் நரேந்திரனும் விவேக்கும்தான். இந்தியின் 'சி.ஐ.டி.' இதன் மறுபக்கம். 1998 முதல் 2018 வரை ஓடிய அந்தத் தொடரில் பிரத்யுமன், தயா, அபிஜீத் என்ற ஆண்கள் நிலைத்திருக்க, ஆஷா, முஸ்கான், காஜல், தாஷா, ஷ்ரேயா, பூர்வி என்று பெண் அதிகாரிகள் வந்து வந்து போனார்கள். பதவி இருந்தது, ஆள் மாறிக்கொண்டே இருந்தார். அங்கே நீடித்த ஆண்களும் வளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தயா இருபது ஆண்டுகளாகக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார். நடந்தவை எதுவும் ஆளை மாற்றாவிட்டால், எத்தனை ஆண்டு நீடித்தாலும் அது ஒரே எபிசோடுதான்.

மாற்றிக் காட்டிய தொடர்களும் உண்டு. 'டெல்லி கிரைம்' தொடரில் ஷெஃபாலி ஷா நடிக்கும் வர்த்திகா சதுர்வேதி 2019, 2022, 2025 என மூன்று சீசன்களிலும் இருக்கிறார். முதல் சீசன் காவல்துறையை அளவுக்கு மீறி நல்லவர்களாகக் காட்டியது. அந்தக் குறையை நானும் ஏற்கிறேன். இரண்டாவது சீசன் அதே அதிகாரியைக் கொண்டே, சீர்மரபினர் என்று முத்திரை குத்தப்பட்ட மக்களைப் போலீஸ் எப்படி வேட்டையாடுகிறது என்று கேட்டது. மூன்றாவது தொடங்கும்போது அவர் தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, அசாமின் சில்சரில் பணியில் இருக்கிறார். முதல் சீசனோடு அவரை அனுப்பியிருந்தால், அந்தத் தொடர் தன்னைத்தானே திருத்திக்கொள்ள வழி இருந்திருக்காது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியை அறிந்த குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. அவர்களுக்கு 'ஜூலி லெஸ்கோ' நினைவிருக்கலாம். வெரோனிக் ஜெனெஸ்ட் நடித்து 1992 முதல் 2014 வரை நூறு எபிசோடுகளைத் தாண்டி வந்த தொடர் அது. விவாகரத்தான ஒரு காவல் ஆணையர், இரண்டு மகள்கள். அம்மா வழக்குகளை விசாரிக்க விசாரிக்க, மகள்கள் பார்வையாளர்களின் கண்முன்னே வளர்ந்தார்கள். அதில் சலிப்பூட்டிய எபிசோடுகள் உண்டு, வாய்ப்பாடு உண்டு. ஆனால் வீடும் ஸ்டேஷனும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பல ஆண்டுகள் அருகருகே இருக்க முடியும் என்று அது காட்டியது. தமிழில் வீட்டுக்குள் குற்றம் நுழைந்த கணமே பெண் அதிகாரியின் வேலை முடிந்துவிடுகிறது.

ரெஜினா இல்லாததால் 'சுழல்' இழந்தது என்ன என்பதை இரண்டாம் சீசனின் வழக்கே சொல்கிறது. ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள் தனித்தனியே, கொன்றது நான்தான் என்கிறார்கள். அந்தப் பெண்களின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க, தன் வீட்டுப் பிள்ளையின் மனதில் இருந்ததையே அறியாமல் போன ஓர் இன்ஸ்பெக்டரைவிடப் பொருத்தமானவர் யார்? பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும் என்று 2013 சட்டத் திருத்தம் விதித்தது. போக்ஸோ சட்டமோ, குழந்தையின் வாக்குமூலத்தைப் பெறும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. லத்தியோடு பழகிய ரெஜினா சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு பெண்ணின் முன் உட்காரும் காட்சி தமிழ்த் திரைக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இது பெண் அதிகாரியைப் பெண்கள் வழக்குகளுக்குள்ளேயே அடைத்துவிடும் என்ற மறுப்பு வரும். 1992-ல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கியபோதிருந்தே உள்ள கவலை அது, பொய்யில்லை. ஆனால் ரெஜினா ஆலைப் போராட்டத்திலிருந்து வந்தவர், தொழில் தகராறும் சட்டம் ஒழுங்கும் பார்த்தவர். அவரை அடைத்துவைப்பது எளிதல்ல.

கடைசியாக ஒரு மறுப்பு: இவ்வளவு கடுமையான, தவறுகள் செய்த பெண்ணை ஜனங்கள் நீண்ட நாள் ஏற்பார்களா? புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகத்தை எழுப்புவது கடினம். நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான கிரண் பேடி 2016 மே முதல் 2021 பிப்ரவரி வரை இங்கே துணைநிலை ஆளுநராக இருந்தார். 2019-ல் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமியே அவருக்கு எதிராக ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். ஊர் பேடியைப் புகழ்ந்தது, எதிர்த்தது. இரண்டுமே அவர் எடுத்த முடிவுகளுக்காக. அதிகாரத்தில் இருக்கும் பெண்ணோடு ஆண்டுக்கணக்கில் வாதாட ஒரு ஊருக்குப் பொறுமை இருக்கிறது என்றால், எட்டு எபிசோடு பார்ப்பவர்களுக்கு அது இல்லாமல் போகாது. போலீஸ் வேலையில் இடமாற்றம் அன்றாடம் நடப்பது. ரெஜினாவைக் காளிப்பட்டினத்துக்கு அனுப்ப ஓர் உத்தரவு போதும். மூன்றாம் சீசன் எழுதப்பட்டால் அவரை அங்கிருந்தே தொடங்கலாம்: மகன் இல்லாத வீடு, முன்பு தனக்குக் கீழே இருந்த சக்கரை, சாம்பலூரில் அவரிடம் அடிவாங்கிய தொழிலாளி ஒருவர் கொண்டுவரும் புகார்.